மனுதாரர்: அறை எண் பதினான்கு

சோஹார். ஆகஸ்ட்.
காலை ஒன்பதுக்கே கண்ணாடிக் கதவின் கைப்பிடி சுடுகிறது.
நுகர்வோர் தீர்ப்பாயம் மூன்றாம் மாடியில்,
டோக்கன் நாற்பத்தொன்று.
நான் மொழிபெயர்ப்பாளன். மணிக்கு ஐந்து ரியால்,
யார் ஜெயித்தாலும்.

வழக்கு ஒரு ஃபிரிட்ஜ்.
தொண்ணூற்றாறு ரியால், தலைக்குப் பதினாறு.
எட்டாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை
எல்லோரும் அசந்து தூங்கும்போது
கம்ப்ரஸர் நின்றுவிட்டது.

"வயிறெரியுது சார், அத்தனை மீனும் போச்சு"
என்கிறார் வேலாண்டி.
மனுதாரர் பொருளிழப்பைக் குறிப்பிடுகிறார்
என்கிறேன் அரபியில்.
வயிற்றை விட்டுவிட்டேன். எரிச்சலையும்.

கடைக்காக வந்திருப்பவர் ஷிஹாபுதீன், திரூர்க்காரர்.
கழுத்தில் அடையாள அட்டை, மடியில் கோப்பு.
முதலாளி சொல்லி அனுப்பியதை
மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்:
வாரண்டி வீட்டு உபயோகத்துக்கு மட்டும்.
ஆறு பேர் திறந்து மூடுகிற இடம் வீடு ஆகாது.

இதைத் தமிழில் சொல்லவும்
எனக்கு அதே ஐந்து ரியால்தான்.
சொன்னேன்.
இத்ரீஸ் சிரித்துவிட்டான்.
ஜெபமணி தரையைப் பார்த்தார்.

தலைவர் பத்ரியா பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
"இதில் ஒரே பெயர். சுடலைக்கண். எங்கே அவர்?"
கேன்சலில் போய்விட்டார், மே மாதம்.
கேன்சல் என்ற சொல்லை மட்டும்
இந்த அறையில் யாருக்கும் நான் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

"வாங்கியவர் இல்லையென்றால் நுகர்வோர் யார்?"
ஷிஹாபுதீன் கோப்பை மூடப் போனார்.

அப்போதுதான் ஜெபமணி
கீறல் விழுந்த போனை மேசைமேல் வைத்தார்.
திறந்த ஃபிரிட்ஜின் படம்.
தட்டுத் தட்டாக பிளாஸ்திரி ஒட்டி
மார்க்கரில் எழுதிய பெயர்கள்.
மேலே வேலாண்டி, கீழே இத்ரீஸ்,
காய்கறிப் பெட்டியில் சுடலைக்கண்
(போனபின்னும் யாரும் உரிக்கவில்லை),
கதவில், வெண்ணெய் வைக்கும் மூடிக்குள்
ஜெபமணியும் அவர் இன்சுலினும்.

பத்ரியா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.
தமிழ் தெரியாது; எண்ணினார்.
"ஆறு. சரி. இந்த முட்டைக் குழிகள் யாருக்கு?"

"அது பொது" என்றார்கள் மூன்று பேர் ஒரே குரலில்.

பொது.
அரபியில் இதற்கு நல்ல நல்ல சொற்கள் உண்டு,
பூங்காவுக்கு, சொத்துக்கு, விடுமுறைக்கு.
முட்டைக்குச் சற்றுத் திணறினேன்.
பத்ரியா காத்திருந்தார்.
பிறகு நுகர்வோர் என்ற கட்டத்தில்
சுடலைக்கண்ணின் பெயருக்குப் பக்கத்தில்
அறை எண் பதினான்கு என்று எழுதி
முத்திரையை ஊதிக் குத்தினார்.

தீர்வு இருபது நிமிடம்.
எட்டு மாதத் தேய்மானம் இருபத்து நாலு ரியால் அறுநூறு பைசா கழித்து
எழுபத்தொன்று நானூறு.
மீனுக்கு ரசீது இல்லை.
இன்சுலினுக்கு ரசீது இருந்தது,
ஆனால் அது ஃபிரிட்ஜின் பாகம் அல்ல.
"மன்னிக்கவும்" என்று பத்ரியா
உத்தரவில் இல்லாத ஒரு சொல்லைச் சொன்னார்.
அதையும் மொழிபெயர்த்தேன். ஜெபமணி தலையாட்டினார்.

படிக்கட்டிலேயே பங்கு பிரித்தார்கள்.
பதினொன்று தொள்ளாயிரம், ஆறு முறை.
ஆறாவதை இத்ரீஸ் தன் சட்டைப்பையில் போடாமல்
பில்லுக்குள் மடித்து வைத்தான்.
ஊருக்கு அனுப்பும் செலவு அதில் பாதியைத் தின்னும்
என்று வேலாண்டி முணுமுணுத்தார்.
யாரும் மறுக்கவில்லை. அனுப்பத்தான் போகிறார்கள்.

வாசலில் ஷிஹாபுதீன் பிக்கப்பைக் கிளப்பாமல் நின்றார்.
"அந்த ஊசி மருந்து என்ன விலை வரும்?"
மலையாளத்தில், என்னிடம் மட்டும்.
சொன்னேன்.
ஒன்றும் பேசவில்லை. ஸ்டியரிங்கைத் தொட்டு
சூட்டில் கையை இழுத்துக்கொண்டார்.

உள்ளே நாற்பத்திரண்டைக் கூப்பிட்டார்கள்.
ஒரு தையல் மெஷின், இரண்டு சகோதரிகள்,
அவர்களுக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும்.
எனக்கு அது தெரியாது.